உலோகத்தில் பிறந்த எழுத்து: ஆல்பெர்ட்டஸ் எழுத்துருவின் வரலாறு

ரோமன் எழுத்துருக்களை இரு பெரும் வகைகளாகப் பிரிப்பது அச்சுக்கலை மரபு: கோடு முடியும் இடத்தில் செரிஃப் எனப்படும் சிறு குறுக்குக்கோடு உடையவை ஒருவகை, அஃது இல்லாதவை மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது விரிமுனை எழுத்துரு. இதில் தனியான குறுக்குக்கோடு இராது. எழுத்தின் கோடே முனையை நெருங்குகையில் இருபுறமும் மெல்ல அகன்று, கூரிய விளிம்போடு முடியும். இருபதாம் நூற்றாண்டில் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவற்றுள் ஒன்று, பெர்த்தோல்ட் வோல்ப்பே வடிவமைத்த ஆல்பெர்ட்டஸ்.

1905இல் ஜெர்மனியின் ஓஃபன்பாக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த வோல்ப்பே, உலோக வேலை பயின்றபின், எழுத்துக்கலை வல்லுநர் ருடால்ஃப் கோக்கிடம் மாணவரானார். வெண்கலப் பலகைகளில் எழுத்துகளைப் புடைப்பாக அமைப்பதில் அவர் தேர்ந்திருந்தார். அதாவது எழுத்தைக் குடையாமல், அதைச் சுற்றியுள்ள உலோகத்தைச் செதுக்கி நீக்கி எழுத்தை மேலெழச் செய்தார். அவ்வாறு வெளியிலிருந்து செதுக்கும்போது மயிரிழைக் கோடுகளுக்கு இடமில்லை. எழுத்து தடித்தும் எளிமையாகவும் கூர்விளிம்போடும் அமையும். இந்தப் பலகைகளின் நிழற்படங்களைக் கண்ட மோனோடைப் நிறுவனத்தின் ஆலோசகர் ஸ்டான்லி மாரிசன், 1932இல் லண்டனில் வோல்ப்பேயைச் சந்தித்து, அவ்வெழுத்துகளை அச்சுக்கு ஏற்ற வடிவில் வரைந்து தருமாறு கேட்டார். முதலில் பேரெழுத்துகளும் பின்னர்ச் சிற்றெழுத்துகளும் உருவாகி, 1940இல் பணி நிறைவுற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்யியலாளர் ஆல்பெர்ட்டஸ் மாக்னஸின் பெயர் எழுத்துருவுக்கு இடப்பட்டது. இதனிடையே, நாஜி ஆட்சியில் யூதர்களுக்கு வாழ்வு அரிதாகிவிட்ட நிலையில், வோல்ப்பே 1935இல் இங்கிலாந்தில் குடியேறினார்.

ஆல்பெர்ட்டஸின் கோடுகளில் தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடு சிறிது. முனைகளின் விரிவும் அடக்கமானதே. ‘எம்’ எழுத்தின் நடுக்கோடுகள் அடிவரி வரை இறங்காமல் பாதியிலேயே சந்திக்கின்றன. பெரிய ‘யு’, சிற்றெழுத்தைப் பெரிதாக்கியதுபோல் வலப்புறம் முழுத்தண்டு கொண்டு நிற்கிறது. பக்கம் பக்கமாக நீளும் உரைநடையில் இத்தகைய திண்மை கண்ணை அயரச் செய்யும். சில சொற்களே இடம்பெறும் தலைப்புகளிலும் பலகைகளிலுமோ அதுவே பெருஞ்சிறப்பாகிறது.

வோல்ப்பே 1941 முதல் 1975 வரை ஃபேபர் அண்ட் ஃபேபர் பதிப்பகத்தில் பணியாற்றி, 1,500க்கும் மேற்பட்ட நூலுறைகளை வடிவமைத்தார். அவற்றுள் பலவற்றில் இடம்பெற்ற ஆல்பெர்ட்டஸ், அப்பதிப்பகத்தின் முகமாகவே வாசகர் மனத்தில் பதிந்தது. 1967இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘தி பிரிசனர்’ என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர், இதன் வடிவத்தைச் சற்றே மாற்றிக் கையாண்டது. லண்டனின் பழமையான மையமாகிய சிட்டி ஆஃப் லண்டன் பகுதி தன் தெருப்பெயர்ப் பலகைகளுக்கு இவ்வெழுத்தையே ஏற்றது.

பலகைக்காக உலோகத்தில் உருவான வடிவம், அச்சின் வழியே பயணம் செய்து, மீண்டும் பலகையையே அடைந்திருப்பது தற்செயலன்று. ஓர் எழுத்து எந்தப் பொருளில், எந்தக் கருவியால் பிறந்தது என்பதை ஆராய்ந்தறிந்த பின்னரே, அதை எங்கே பயன்படுத்துவது என்பதை வடிவமைப்பாளர் முடிவு செய்ய வேண்டும்.