மின்வழங்கியும் உடைமையுரிமையும்

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணனியின் மின்வழங்கி 63.5 உவாற்று வலுவையே அளித்தது. நெகிழ்தட்டுகளுக்கு இது போதுமானதாயினும், அக்கால வன்தட்டைச் சேர்க்க விரும்பியோருக்குப் போதவில்லை. 1983 இல் 10 மெகாபைற்று வன்தட்டுடன் வெளிவந்த எக்ஸ்.ரி. கணனிக்கு அந்நிறுவனமே 130 உவாற்று மின்வழங்கியை அமைத்தது. பழைய கணனியை உடையோரும் அத்தகைய மின்வழங்கியை வாங்கித் தாமே மாற்றிக்கொள்ளலாயினர். இணைப்பிகளின் விவரங்கள் ஐ.பி.எம். கைந்நூலில் வெளியாகியிருந்தமையால், பிற நிறுவனங்கள் ஆக்கிய மின்வழங்கிகளும் அதிற் பொருந்தின.

1995 இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ். நியமம் இத்தகைய பொருத்தத்துக்குப் பொதுவிதி அமைத்தது. ஆயினும், 1990களின் பிற்பகுதியில் டெல் நிறுவனத்தின் கணனிகள் பலவற்றிலே, தோற்றத்தில் அந்நியமத்தை ஒத்தும் கம்பிகளின் ஒழுங்கில் வேறுபட்டும் அமைந்த இணைப்பி இடம்பெற்றது. நியமப்படியான மின்வழங்கியை அதிற் செருகின், தாய்ப்பலகையே பழுதுறக்கூடும்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கணனியின் வலுவைக் கூட்டுதற்கு உவாற்றின் அளவு மாத்திரம் போதாது; இணைப்பின் விவரம் பகிரங்கமாதலும் வேண்டும். அது மறைக்கப்படுமிடத்து, விலைகொடுத்தவர் பொருளைப் பெறுகிறார். அதனைத் திருத்தும் உரிமையோ விற்றவரிடமே எஞ்சிவிடுகிறது.