எஞ்சின் லைற் எரியுது சேர்!

 

போன மாதம் ஊர்காவற்றுறையில் அனலைதீவுப் படகுக்குக் காத்து நின்றபோது, என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் ஓடி வந்தார். "சேர், அந்த மஞ்சள் லைற் திரும்பவும் எரியுது" என்றார்.

கனடாவில் இருக்கும் மாமா வேலணையில் விட்டுப்போன பழைய ரொயோட்டா செலிக்கா அது. 1991ஆம் ஆண்டு கார். இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். ஒரு கராஜில் ஒட்சிசன் சென்சரை மாற்றினார்கள். ஒரு கிழமையில் லைற் மறுபடி எரிந்தது. போட்ட சென்சர் சரியில்லை என்று இன்னொன்று போட்டார்கள். அப்போதும் எரிந்தது. இப்போது எஞ்சின் கம்பியூட்டரையே மாற்றச் சொல்கிறார்களாம்.

அந்தக் கார் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அந்த வரலாறு தெரிந்திருந்தால் பிள்ளையின் காசு பாதியாவது மிஞ்சியிருக்கும்.

எங்கள் பெரியவர்கள் ஓடிய கார் என்றால் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர். மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. 1956இல் வந்த மைனர் 1000இல் எஞ்சினைப் பற்றிச் சொல்ல முக்கியமாக இரண்டு விளக்குகள்தான் இருந்தன. ஒன்று சார்ஜ் விளக்கு, மற்றது ஒயில் விளக்கு.

இரண்டும் எளிமையானவை. சார்ஜ் விளக்கின் ஒரு பக்கம் பற்றரி, மறுபக்கம் டைனமோ. டைனமோ சுற்றி அதன் மின்னழுத்தம் பற்றரிக்குச் சமமாக வந்ததும், இரு பக்கமும் வேறுபாடு இல்லாததால் விளக்கு அணையும். ஒயில் விளக்குக்கு ஒரு சிறிய அழுத்த ஆளி. ஒயில் அழுத்தம் விழுந்தால் ஆளி மூடி, விளக்கு எரியும். மற்ற எல்லாவற்றையும் ஓட்டுபவரின் காதும் மூக்கும் கையுமே கண்டுபிடித்தன.

இந்தக் கார்கள்தான் மண்ணெண்ணெய்க் காலத்தையும் தாண்டின. அதை நான் நேரில் காணவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நாங்கள் புத்தளத்தில் இருந்தோம். திரும்பி வந்து இங்கே படிப்பிக்கத் தொடங்கிய பிறகு, சக ஆசிரியர்கள் சொல்லித்தான் அறிந்தேன். பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்கவில்லை. சிறிய போத்தலில் பாதுகாத்து வைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள்.

அந்த எஞ்சின்கள் அதற்கு இடம் கொடுத்ததற்குக் காரணம், அவற்றில் கம்பியூட்டரும் இல்லை, சென்சரும் இல்லை. ஆனால் ஒரு விலை இருந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஒயில் நீர்த்தால் அழுத்தம் விழும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஒயில் விளக்கு மினுங்கும். தெரியாதவர் ஒயில் பம்ப் பழுது என்று கழற்றுவார். தெரிந்தவர் ஒயில் அளவுக் கோலை இழுத்து மணந்து பார்ப்பார், மண்ணெண்ணெய் மணக்கும். விளக்கு சொன்னது அழுத்தம் குறைவு என்பதை மட்டும். ஏன் குறைந்தது என்று அது சொல்லவில்லை. இன்றைய விளக்கும் அப்படித்தான்.

மஞ்சள் எஞ்சின் லைற்றின் பிறப்பு இங்கிலாந்தில் அல்ல, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகையில். அந்த நகரை மூடிக் கண்ணை எரிய வைத்த புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்து நடத்தும் இரசாயனத் தாக்கமே காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி காட்டினார். 1970இல் அமெரிக்கா கடுமையான தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி மாற்றி வாகனங்களில் பூட்டப்பட்டது. அது நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கு தவறக் கூடாது. அதைக் காக்க வந்ததுதான் ஒட்சிசன் சென்சர். 1976இல் போஷ் நிறுவனம் செய்த சென்சர் வொல்வோ கார்களில் முதன்முதல் வந்தது.

சைலன்சர் குழாயில் இருந்துகொண்டு, வெளியேறும் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் இருக்கிறது என்று அது பார்க்கிறது. பெற்றோல் கூடினால் சுமார் 0.9 வோல்ற், காற்றுக் கூடினால் சுமார் 0.1 வோல்ற் அனுப்புகிறது. கம்பியூட்டர் அதைக் கேட்டுப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தச் செய்தி வராவிட்டாலோ நம்ப முடியாததாக இருந்தாலோ, விளக்கை ஏற்றிவிடுகிறது.

ஜெனரல் மோட்டர்ஸ் 1981இல் தன் கார்களில் இந்த விளக்கைப் பரவலாக வைத்தது. கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களிலிருந்து, கார் தன் குறையைத் தானே கண்டு சொல்ல வேண்டும் என்று சட்டமாக்கியது. ஆனால் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு சொக்கற், ஒவ்வொரு இலக்கம். 1996இலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே 16 முனைச் சொக்கற், பொதுவான இலக்கங்கள் என்று கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இல் வந்தது. இந்தச் சட்டங்களால், கம்பனியின் சொந்தக் கராஜுக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயத்தைத் தெருமுனை மெக்கானிக்கும் கார்ச் சொந்தக்காரரும் வாசிக்கலாம் என்றானது.

எங்கள் செலிக்கா இதற்கு முந்தியது. ஸ்கானர் பூட்ட வழி இல்லை. ஆனால் அதற்கும் ஒரு மொழி உண்டு. எஞ்சின் பக்கத்தில் உள்ள சிறிய பெட்டியில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், விளக்கு மினுங்கிப் பேசும். ஒரே சீராக மினுங்கினால் குறை இல்லை. இரண்டு தரம் மினுங்கி, சற்று நின்று, ஒரு தரம் மினுங்கினால் 21. அது ஒட்சிசன் சென்சரின் இலக்கம்.

ஊர்காவற்றுறையில் படகு எஞ்சின் திருத்தும் பெரியவர் ஒருவரை அழைத்துப் போனோம். மண்ணெண்ணெயில் ஏ40 ஓட்டிய மனிதர். வயர்த் துண்டைப் போட்டார். 21 வந்தது. "மூன்றாவது சென்சர் வாங்கவோ ஐயா?" என்று பிள்ளை கேட்டார். "பொறு தம்பி. சென்சர் குறை சொல்லுதோ, சென்சரின்ரை வயர் குறை சொல்லுதோ, ஆருக்குத் தெரியும்?" என்றபடி காருக்குக் கீழே படுத்தார். சென்சருக்குப் போகும் வயரின் இணைப்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே முனைகள் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. எங்கள் உப்புக் காற்றின் வேலை. இரண்டு தரம் சென்சரை மாற்றியவர்கள், கார்ப் பக்கத்து முனைகளைப் பார்க்கவே இல்லை.

சுரண்டிச் சுத்தமாக்கி, எஞ்சின் பியூஸைக் கொஞ்ச நேரம் கழற்றிப் பழைய நினைவை அழித்தார். ஒரு மாதமாகிறது. அல்ஹம்துலில்லாஹ், லைற் எரியவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்கப்பட்டது. இப்போதும் புதுக் காரின் விலை எங்களுக்கு எட்டாது. பழைய கார்களோடுதான் இன்னும் பல காலம் வாழ வேண்டும். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்வது:

சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள், வீடுவரை போய்ப் பார்ப்போம் என்று ஓடாதீர்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பதற வேண்டாம், ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். 1996க்குப் பிந்திய புது முறைக் கார்களில் அது விட்டுவிட்டு மினுங்கினால் எஞ்சின் சரியாக எரியவில்லை என்று பொருள், மெதுவாக ஓரம் கட்டுங்கள். இலக்கம் எதுவென்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த இலக்கம் சொல்லும் சாமானை வாங்கும் முன், அதன் வயர், இணைப்பு, ஏர்த், காற்றுக் குழாய் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வயர்த் துண்டைத் தெரியாத முனையில் மட்டும் போடாதீர்கள், கம்பியூட்டர் எரிந்துவிடும்.

அனலைதீவில் கார் குறைவு, கடலுக்குப் போகும் எஞ்சின்கள்தான் கூட. இன்றைய நான்கு அடி அவுட்போர்ட் எஞ்சின்களிலும் ஒயிலுக்கும் சூட்டுக்கும் எச்சரிக்கை உண்டு. சத்தம் தொல்லை என்று அதன் வயரைக் கழற்றிவிட்டு ஓடும் தம்பிமார் இருக்கிறார்கள். தெருவில் கார் நின்றால் நடந்து வீட்டுக்கு வரலாம். கடலில் அப்படி இல்லை. கழற்றியவர்கள் நாளைக்கே பூட்டுங்கள்.

அந்தப் பெரியவர் போன்றவர்கள் இன்னும் சிலர் தீவுப் பகுதியில் இருக்கிறார்கள். இருக்கும்போதே அவர்களிடம் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த மண்ணெண்ணெய்க் காலக் கதைகளையும் கீழே சொல்லுங்கள், வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், இன்ஷா அல்லாஹ்.