மாட்டுவதற்கு முன்னால் ஜெயித்தது என்ன ஆகும்?

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் பஸ்ஸில், ஜிம் நடத்துகிற ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சு எப்படியோ ஊக்கமருந்துக்குப் போனது. "மாட்டுனவன் மட்டும்தான் திருடனா தம்பி? அதுக்கு முன்னாடி ஜெயிச்சதெல்லாம் பொய்யா?" என்றார். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து நர்சிங் யாதவ் விவகாரத்தை மறுபடி படித்தேன்.

மல்யுத்த வீரர் நர்சிங் சாதாரண ஆள் இல்லை. 2010 டெல்லி காமன்வெல்த்தில் தங்கம், 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் வெண்கலம், 2015 லாஸ் வேகாஸ் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். அந்தக் கடைசி வெண்கலம்தான் 74 கிலோ பிரிவில் இந்தியாவுக்கு ரியோ ஒலிம்பிக் இடத்தை வாங்கித் தந்தது. இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வைத்திருந்த சுஷில் குமார், "எங்களுக்குள் ஒரு தகுதிப் போட்டி வையுங்கள்" என்று கோர்ட்டுக்கே போனார். 2016 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது.

அதே மாதம் 25ஆம் தேதி எடுத்த மாதிரியில் மெத்தாண்டியனோன் என்ற ஸ்டீராய்டு. ஜூலை 5ஆம் தேதி எடுத்ததிலும் அதேதான். சோனிபட் பயிற்சி மையத்தில் யாரோ சதி செய்து கலந்துவிட்டார்கள் என்றார் நர்சிங். போலீஸில் புகாரும் கொடுத்தார். அறைத் தோழருக்கும் அதே மருந்து வந்திருந்ததால் நம்புகிற மாதிரிதான் இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) அவரை விடுவித்தது. உலக அமைப்பான வாடா விடவில்லை. ஆகஸ்ட் 18, அவர் மோத வேண்டியதற்கு முதல் நாள், விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நான்கு வருடத் தடை போட்டது. தெரிந்தே, மாத்திரையாக, ஒரு தடவைக்கு மேல் சாப்பிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் முடிவு.

அண்ணன் கேள்விக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. ஜூன் 25 முதல் வந்த முடிவுகள் மட்டுமே ரத்து. லாஸ் வேகாஸ் வெண்கலம் இன்றும் அவருடையதுதான்.

ஆனால் பதக்கம் வேறு, பெரிய வீரன் என்ற பேர் வேறு. பதக்கத்துக்கு அந்த ஒரு நாள் கணக்கு போதும். பேருக்கு, "இந்த உடம்பு இவனே உழைத்துச் சேர்த்தது" என்று பார்க்கிறவன் நம்ப வேண்டும். பழைய ஜெயிப்புகளைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் கிடையாது. பெரிய வீரன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. (ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டு சோதனை வந்ததே 1976 மான்ட்ரியலில்தான். அதற்கு முந்தைய ஜாம்பவான்களை நாம் சும்மா நம்பிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.)

சண்டை விளையாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஓட்டப்பந்தயத்தில் கள்ள பலம் கடிகாரத்தில் தெரியும். மல்யுத்தத்தில் அது எதிராளியின் கழுத்திலும் முட்டியிலும் இறங்குகிறது.

இந்தக் கதையில் யாரும் பேசாத ஒருத்தர் பிரவீன் ராணா. ஜூலையில் நர்சிங்குக்குப் பதில் அவர் பெயரை அறிவித்தார்கள். நாடா விடுவித்ததும் இடம் நர்சிங்குக்கே திரும்பிப் போனது. கடைசித் தீர்ப்பு வந்தபோது ஆளை மாற்ற நேரமே இல்லை. ஆகஸ்ட் 19 அன்று ரியோவில் 74 கிலோ பிரிவு நடந்தபோது இந்தியாவிலிருந்து யாருமே மேட்டில் இறங்கவில்லை.