வயலெலியின் நாழிகை

கருங்கல்லில் நான் சிறுவனாயிருந்த காலத்தில், எங்கள் வீட்டின் சரிவுக்குக் கீழே ஓர் ஏலா இருந்தது. வயல்வெளியை ஏலா என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கு. கும்பப்பூ அறுவடை முடிந்து வரப்பைச் செதுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், மண்வெட்டி பட்டு எலி வளை ஒன்று பிளந்தது. உள்ளே வைக்கோல் துகளாலான மெத்தை. அதன் மேல் ஐந்து குட்டிகள். மயிர் முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை, ஒவ்வொன்றும் அவரை விதை அளவு. ஆசையோடு அவற்றை ஒரு சிரட்டையில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திண்ணையிலிருந்த என் பாட்டனார் பார்த்துவிட்டு, “விளக்கு வைக்குமுன் அதுகளைக் கொண்டுபோய் வைத்துவிடு, மக்களே, தள்ளை தேடும்” என்றார். அப்படியே வைத்தேன். மறுநாள் காலையில் வளை வெறுமையாகக் கிடந்தது. தாய் கவ்விக்கொண்டு போயிற்றோ, சாரைப்பாம்பு விழுங்கிற்றோ, யார் கண்டார்கள்!

மாணவ நண்பர்களே, அந்தக் குட்டிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வினா எழுவதுண்டு. ஒளி புகாத வளைக்குள், கண்ணும் திறவாத ஒரு பிராணிக்குப் பகல் எது, இரவு எது என்று எப்படித் தெரியும்? இவ்வினாவுக்கு விடை நம் தமிழ்நாட்டிலேயே, இதே வயல் சுண்டெலியைக் கொண்டே காணப்பட்டது. அந்த வரலாற்றைச் சொல்லவே வந்தேன்.

உயிர்களின் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு என்னும் எண்ணம் மிகப் பழையது. 1729-இல் பிரெஞ்சு வானநூலறிஞர் டி மெய்ரான், தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை இருளில் வைத்தார். கதிரவனைக் காணாமலே அதன் இலைகள் வேளைக்கு வேளை விரிந்து மூடுவதைக் கண்டார். ஆனால் இந்த உட்கடிகாரம் சரியாக 24 மணி காட்டுவதில்லை. சிறிது முந்தும் அல்லது பிந்தும். நாள்தோறும் யாரேனும் அதைத் திருத்தி வைத்தாக வேண்டும். திருத்துகிறவன் கதிரவனே என்பதுதான் நெடுங்காலமாக விஞ்ஞானிகள் முதன்மையாகக் கொண்ட கருத்து.

பாலூட்டிகளில் அக்கடிகாரம் இருக்கும் இடத்தை 1972-இல் அமெரிக்காவில் இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். மூளையின் அடிப்பாகத்தில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, இரண்டு சிறு அணுத்திரள்கள் உள்ளன. எலியில் இவை இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களே உண்டு. இவற்றை அழித்துவிட்டால் எலி ஓடும், உண்ணும், உறங்கும். ஆனால் எதற்கும் வேளை இராது.

மதுரைக்கு வருவோம். ஜெர்மனியில் டியூபிங்கன் நகரத்தில் எர்வின் பியூனிங் என்னும் பேரறிஞரிடம் பயின்ற எம். கே. சந்திரசேகரன், மதுரைப் பல்கலைக் கழகத்தில் உயிர்க்கடிகார ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவரும் மாணவர்களும் முதலில் நாடியது மதுரையை அடுத்த ஒரு குகையில் வாழும் வௌவால்களை. குகையின் ஆழத்தில், ஒளி எட்டாத இடத்தில் கூண்டுக்குள் வைக்கப்பட்ட வௌவால், மற்ற வௌவால்கள் இரை தேடப் புறப்படும் வேளைக்கு ஒத்தே தானும் விழித்தெழுந்தது. சுற்றம் இல்லாத குகையிலோ அதன் கடிகாரம் தன் போக்கில் விலகியது. இது 1981-இல் வெளியாயிற்று. கதிரவன் செய்யும் வேலையைச் சுற்றமும் செய்யக்கூடும் என்பது புலனாயிற்று.

அதன்பின் வந்ததே வயலெலி. 1837-இல் கிரே என்னும் ஆங்கிலேயர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். எடை ஏறக்குறைய 10 கிராம். ஆப்பிரிக்காவில் தேனீக்களைப் போல் ஒரே அரசியின் கீழ்க் கூட்டமாக வாழும் மொட்டை எலியைப் பற்றி ஜென்னிபர் ஜார்விஸ் 1981-இல் எழுதி உலகை வியக்க வைத்தார். நம் வயலெலிக்கு அத்தகைய இராச்சியம் ஏதுமில்லை. குட்டிக்குச் சமுதாயம் என்பது தாயும் உடன்பிறந்தவையும் மட்டுமே. அதுவும் ஒரு சில வாரங்களுக்குத்தான்.

விசுவநாதனும் சந்திரசேகரனும் செய்த சோதனை மிக எளியது. பகலிரவு வேறுபாடு தெரியாத அறையில் குட்டிகளை வைத்தனர். தாயை 12 மணி நேரம் குட்டிகளோடு இருக்கவிட்டு, அடுத்த 12 மணி நேரம் பிரித்து வைத்தனர். இவ்வாறு நாள்தோறும் செய்து, குட்டிகள் எப்போது ஓடியாடுகின்றன என்று குறித்தனர். தாய் உடனிருந்த வேளையைக் குட்டிகள் பகலாகக் கொண்டன; அவள் நீங்கிய வேளையை இரவாகக் கொண்டன. 1985-இல் இலண்டனிலிருந்து வெளிவரும் ‘நேச்சர்’ இதழ் இம்முடிவை வெளியிட்டது. அயல்நாட்டு ஆய்வுக்கூடத்து வெள்ளெலியைக் கொண்டே பாடம் படித்துப் பழகிய நமக்கு, நம் வரப்பில் திரியும் பிராணி அவ்விதழில் ஏறியது சிறிது பெருமை தருவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

இதில் இயற்கை கண்ட நன்மை யாது? தாயெலி பகலெல்லாம் வளையில் குட்டிகளை அணைத்துப் பால் கொடுக்கிறது. இரவில் நெல்மணி தேடி வெளியே செல்கிறது. ஆகவே அவளுடைய வெம்மை இருந்தால் வெளியே வெயில், இல்லாவிட்டால் இருட்டு. வளையை விட்டு முதன்முதலாக வெளியேறும் குட்டி, வேளை தவறிப் பகலில் தலை நீட்டினால் பருந்துக்கும் காக்கைக்கும் இரையாகும். தாயின் வரவையும் பிரிவையும் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட குட்டியே பிழைத்து, தன் இனத்தையும் பெருக்கியிருக்கும். தலைமுறை தலைமுறையாக இவ்வியல்பு நிலைத்தது இவ்வாறுதான் என்று கொள்ள இடமுண்டு. பிறப்பதற்கு முன்னரும் இந்த உறவு உண்டு. ரெப்பர்ட், சுவார்ட்ஸ் என்னும் இரு அமெரிக்கர்கள், எலியின் கருவிலுள்ள குட்டியின் மூளைக்கடிகாரம் தாயின் கடிகாரத்தோடு இசைந்து நடப்பதை 1983-இல் காட்டியிருந்தார்கள்.

குட்டியின் கண் திறந்து, அது வளை வாயிலுக்கு வரத் தொடங்கியபின் தாயின் ஆட்சி தளர்கிறது. கதிரவன் அப்பொறுப்பை ஏற்கிறான்.

எங்கள் ஏலாவில் பெரும்பகுதி இப்போது தென்னையும் வாழையுமாகிவிட்டது. எஞ்சிய இரண்டு மூன்று வயல்களின் வரப்பில் சென்ற மாசியில் நடந்தேன். ஒரு வளையின் வாயில் புதுமண் கிடந்தது. அந்தி மயங்கி, வீடுகளில் விளக்கு வைத்துவிட்டார்கள். உள்ளே குட்டிகள் இருந்திருந்தால், அவற்றுக்கு அப்போதுதான் இரவு தொடங்கியிருக்கும்.