பயனியர்: கோடரி சுமந்த சொல்

அமெரிக்காவின் வெஸ்டர்ன் கதைகளோடு பழக்கமுள்ளவர்களுக்குப் 'பயனியர்' என்றதும் நினைவில் எழுவது கித்தான் கூரை போட்ட வண்டியும், கண்ணெட்டும் தூரம் புல்லும், மேற்கே போகும் ஒரு குடும்பமும்தான். சொல்லோ புல்வெளியில் பிறந்ததல்ல, படையில் பிறந்தது. பழைய பிரெஞ்சில் அதற்குக் காலாள் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பொருள் இன்னும் குறுகிவிட்டது. படை போகும் வழியில் முன்னே நடந்து, மரம் வெட்டி, பள்ளம் தூர்த்து, அகழி தோண்டுகிற ஆளுக்குத்தான் பயனியர் என்று பெயர். அவனுக்குப் பாசறையில் பெரிய மரியாதை கிடையாது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ, படையின் கடைநிலை ஆட்களைச் சுட்ட இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறான்.

இதன் வேர் லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் சொல். அந்த லத்தீன் சொல் பிறந்த ஆதி வேரே வடமொழியில் கிளைத்துப் 'பாத' ஆயிற்று. 'பதாதி'யும் அந்த வழியில் வந்ததே. ரத கஜ துரக பதாதி என்று நாம் அடுக்கிச் சொல்வதில் கடைசியாக நிற்கும் காலாட்படை, பயனியருக்குத் தூரத்து உறவு. நெருங்கிய உறவு இன்னொன்று நம் அலுவலக வாசலில் நிற்கிறது. போர்ச்சுக்கீசியர் காலாளைக் குறித்த சொல், இந்தியக் கரையில் ஏவலாளைக் குறித்து, 'பியூன்' ஆகித் தமிழில் தங்கிவிட்டது. சதுரங்கத்தின் முன்வரிசைச் சிப்பாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும், ஸ்பானியர் கூலியாளுக்கு வைத்த பெயரும் இதே வீட்டுப் பிள்ளைகள். குதிரை இல்லாதவர்கள், நடந்தே போகிறவர்கள், முதுகு வளைத்து வேலை செய்கிறவர்கள்: குடும்பம் முழுக்க இப்படித்தான்.

தமிழ்நாட்டோடு இந்தச் சொல்லுக்கு நேரடித் தொடர்பும் உண்டு. 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனி செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 'மெட்ராஸ் பயனியர்' என்ற பெயரில் இரண்டு கம்பெனிப் படை திரட்டியது. 1831இல் அது சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் ஆயிற்று. இன்று பெங்களூரில் உள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப் அதன் வாரிசு. அந்த வீரர்களுக்கு இன்றும் 'தம்பி' என்றே பெயர் வழங்குகிறது. அமெரிக்காவில் குடியேறிகளுக்கு நிலம் தந்த ஹோம்ஸ்டெட் சட்டம் வருவதற்கு 82 ஆண்டுகள் முன்பே நம் தம்பிகள் பயனியர்கள்.

அமெரிக்காவில் சொல் வேறு வழியில் போனது. படைக்கு முன்னே நடந்தவன் அங்கே ஊருக்கு முன்னே நடப்பவன் ஆனான். 1823இல் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் எழுதிய நாவலுக்கு 'தி பயனியர்ஸ்' என்றே தலைப்பு. அதில் கோடரி பிடித்த குடியேறிகளுக்கு எதிரே, காட்டையே வீடாகக் கொண்ட நாட்டி பம்போ என்ற கிழட்டு வேட்டைக்காரனை நிறுத்துகிறார். வானத்தை மறைத்துக்கொண்டு புறாக்கூட்டம் வரும் அத்தியாயத்தை மறக்க முடியாது. ஊரே திரண்டு சுடுகிறது. ஒரு சிறு பீரங்கியைக்கூட இழுத்துவந்து வானத்தைப் பார்த்து வெடிக்கிறார்கள். நாட்டி தனக்கு வேண்டிய ஒரே ஒரு பறவையைச் சுட்டுவிட்டு, இந்த அழிவைக் கண்டித்து நகர்கிறான். அந்த இனத்தின் கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையில் செத்தது. பயனியரைக் கொண்டாட வந்த சொல், இலக்கியத்துக்குள் நுழைந்தபோதே தன்னைப் பற்றிய கேள்வியையும் உடன் கொண்டுவந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும்; ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து நிலத்தைத் திருத்த வேண்டும். நெப்ராஸ்கா, டகோட்டாப் பக்கம் மரமே அரிது. வேர் பின்னிக்கிடந்த புல்தரையை ஏரால் பட்டைபட்டையாகப் பெயர்த்து, செங்கல்போல வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். அந்த மண்கட்டிக்கு 'நெப்ராஸ்கா பளிங்கு' என்று பெயர். அடைமழை பிடித்தால் கூரை சேறாக ஒழுகும். வில்லா கேதர் 1883இல் ஒன்பது வயதில் குடும்பத்தோடு அந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய 'ஓ பயனியர்ஸ்!' 1913இல் வந்தது. வறட்சியில் அக்கம்பக்கத்தார் நிலத்தை விற்றுவிட்டு ஓடும்போது, கடன் வாங்கி அதே நிலத்தை வாங்கிப் போடும் அலெக்சாண்ட்ரா அதன் நாயகி. துப்பாக்கியால் எதையும் தீர்க்காத பயனியர் அவள்.

என் வாசிப்பில், இந்த வகைக் கதை நிற்பதும் விழுவதும் கோடரியில்தான். உடலுழைப்பு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கதை உயிரோடு இருக்கிறது. லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'தி லாங் வின்டர்' (1940) இதற்குச் சிறந்த சான்று. 1880-81 குளிர்காலம், டகோட்டாவின் டி ஸ்மெட் ஊருக்கு ரயில் நின்றுபோகிறது. கரி இல்லை, மாவு இல்லை. அப்பாவும் லாராவும் சார்ப்பில் உட்கார்ந்து காய்ந்த புல்லைப் பிடிபிடியாக எடுத்து முறுக்குகிறார்கள். முறுக்கி, மடித்து, மறுபடி முறுக்கினால் ஒரு விறகு. அது அடுப்பில் சீக்கிரம் எரிந்துவிடும். உடனே அடுத்தது வேண்டும். கோதுமையை அரைக்க வீட்டில் இருப்பது காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன இயந்திரம் ஒன்றே. ஒரு நாள் ரொட்டிக்கு வீட்டில் எல்லாரும் முறைபோட்டு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். புல் முறுக்கிய அப்பாவின் விரல்கள் விறைத்து வீங்கி, ஒரு நாள் பிடில் வாசிக்க வராமல் போகின்றன. நூறு துப்பாக்கிச் சண்டை தராத பதற்றத்தை அந்த விரல்கள் தருகின்றன.

துப்பாக்கிக் கதை என்று பெயரெடுத்த ஜாக் ஷேஃபரின் 'ஷேன்' (1949) நாவலிலும் என்னைக் கட்டிப்போட்டது கடைசிச் சண்டை அல்ல. தொடக்கத்திலேயே ஷேனும் விவசாயி ஸ்டாரெட்டும் தொழுவத்துக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெரிய அடிமரத்தைப் பெயர்க்கிறார்கள். ஆளுக்கொரு கோடரி, அதிகம் பேச்சில்லை, வேரை ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் தோள்கொடுத்துப் புரட்டுகிறார்கள். அதற்குப் பிறகு இருவர் நட்பையும் தனியாக விளக்கத் தேவையில்லை. பழைய காலாளின் கருவி வயோமிங்கில் ஒரு நாவலின் அச்சாணி ஆகியிருக்கிறது.

தமிழில் பயனியருக்கு 'முன்னோடி' என்று எழுதுகிறோம். ஒரு துறையில் முதலில் புகுந்தவருக்கு அது சரி. நிலம் திருத்திய குடியேறிக்குப் போதாது. அதில் கோடரி இல்லை. இன்னொரு இடர், 'முதலில் வந்தவர்' என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்திவிடுகிறது. பயனியர்கள் முதலில் வந்தவர்கள் அல்லர். வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரேரி' (1935) நடக்கும் கான்சாஸ் நிலம் ஓசேஜ் பழங்குடி மக்களுடையது. அதன் தொடக்கத்தில் அங்கே மக்களே இல்லை, செவ்விந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. ஒரு வாசகர் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, 1953 பதிப்பில் 'மக்கள்' என்பது 'குடியேறிகள்' என்று மாற்றப்பட்டது. திருத்தியது ஒரே ஒரு சொல்தான். ஆனால் யாரை மனிதராக எண்ணினார்கள் என்பதை அந்தப் பழைய சொல் காட்டிக்கொடுத்துவிட்டது. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கம் வைல்டர் பெயரில் இருந்த விருதின் பெயரையே மாற்றியது.

இதற்காக வைல்டரை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். புல் முறுக்கிய விரல்களும் அந்த வாக்கியமும் ஒரே கைக்குச் சொந்தம். இரண்டையும் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஓஜிப்வே பழங்குடி வழிவந்த லூயிஸ் எர்ட்ரிச் 1999இல் 'தி பர்ச்பார்க் ஹவுஸ்' எழுதினார். 1847இல் சுப்பீரியர் ஏரியின் தீவொன்றில் வாழும் ஓமகாயாஸ் என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதை. அவளும் தோல் பதப்படுத்துகிறாள், சோளக்கொல்லையில் காக்கை விரட்டுகிறாள். குளிர்காலத்தில் பெரியம்மை வந்து வீட்டைத் தாக்குகிறது. லாராவுக்குச் சற்றும் குறையாத உழைப்பு. பயனியர் என்ற பெயர் மட்டும் அவளுக்குக் கிடைக்காது.

'தி லாங் வின்டர்' கையில் எடுப்பவர்கள் அதை முடித்த கையோடு எர்ட்ரிச்சையும் எடுத்துவிடுங்கள். இரண்டுமே எளிய, தெளிவான ஆங்கிலத்தில் உள்ளவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.