சாவி யாருகிட்ட இருக்குதுங்க?

திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி. பெயர் வேண்டாம். நூல் விலை, டாலர் ரேட், பையர் நெருக்கடி என்று முதலாளியிடம் ஒரு மணி நேரம் பேட்டி எடுத்துவிட்டு வெளியே வந்தேன். மேனேஜர் அறைக் கதவை ஒட்டி, சுவரில் ஒரு தகரப் பெட்டி. சின்னதாக ஒரு பூட்டு. சிவப்பு பெயின்ட்டில் 'புகார் பெட்டி' என்று எழுதியிருந்தது. பெட்டிக்கு நேர் மேலே ஒரு கேமரா.

டீ டைம். செக்கிங்கில் இருந்த ஐம்பது வயது அம்மா ஒருவரிடம், "இதுல யாராச்சும் எழுதிப் போடுவாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பெட்டி இருக்குதுங்க தம்பி. சாவி யாருகிட்ட இருக்குதுன்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

கேட்டேன். மேனேஜரின் மேஜை டிராயரில் இருந்தது. "மூணு வருஷமா ஒரு கம்ப்ளெயின்ட்கூட வந்ததில்லை சார்" என்றார் பெருமையாக.

நான் பி.காம். படித்தவன். கணக்கில் பூஜ்யத்தைக் கண்டால் சந்தேகப்படு என்று சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஆடிட்டிங் வாத்தியார். வராக்கடனே இல்லாத வியாபாரி உண்டா? டேமேஜ் பீஸே விழாத பனியன் கம்பெனி உண்டா? ஏட்டில் பூஜ்யம் என்றால் ஒன்று, நடக்கவில்லை. அல்லது, யாரும் எழுதவில்லை. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியோடு பல வருடம் மல்லுக்கட்டிய ஓர் இடம் உண்டு. அமெரிக்க ராணுவம்! பனியனுக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டு இடத்திலும் ஷிப்ட், லீவு, பதவி எல்லாம் மேலே இருப்பவர் கையில். புகாரும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். அவர் மேலேயே புகார் என்றால் எங்கே போவது?

*

1991 செப்டம்பர். லாஸ் வேகாஸில் ஹில்டன் ஓட்டல். கடற்படை விமானிகளின் 'டெயில்ஹூக்' சங்க மாநாடு. மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் குடித்துவிட்டு நின்ற அதிகாரிகள், அந்த வழியாகப் போன பெண்களைச் சூழ்ந்துகொண்டு அத்துமீறினார்கள். அதில் சக பெண் அதிகாரிகளும் உண்டு.

கடற்படை தானே விசாரித்தது. சந்தேகத்துக்குரியவர்கள் என்று தேறியது வெறும் 2 பேர்.

1992 ஜூனில் பவுலா காஃப்ளின் என்ற லெப்டினன்ட், தன் பெயரோடும் முகத்தோடும் டி.வி.யில் வந்து நடந்ததைச் சொன்னார். நாடே அதிர்ந்தது. அதே மாதம் கடற்படைச் செயலாளர் ராஜினாமா செய்தார். அப்புறம் பாதுகாப்புத் துறை விசாரித்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் 83 பெண்கள், 7 ஆண்கள் என்று கணக்கு வந்தது.

பெயர் சொன்னதால் உண்மை வந்தது. பெயர் சொன்னவர்? 1994-ல் கடற்படையை விட்டே விலகிவிட்டார்.

எல்லோராலும் இந்த விலையைக் கொடுக்க முடியுமா? முடியாது. அப்படியானால் மற்றவர்கள் கதி? 2005-ல் ஒரு வழி செய்தார்கள். பாதிக்கப்பட்ட சிப்பாய் இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று, வழக்கமான புகார். விசாரணை நடக்கும், மேலதிகாரிக்குத் தெரியும். இன்னொன்று, ரகசியப் பதிவு. டாக்டர் பார்ப்பார், கவுன்சலிங் கிடைக்கும், தடயங்களை எடுத்து வைப்பார்கள். ஆனால் மேலதிகாரிக்கோ போலீஸுக்கோ பெயர் போகாது. மனசு தெம்பானதும் வழக்கமான புகாராக மாற்றிக்கொள்ளலாம். 2011-ல் பெயரே கேட்காத ஒரு போன் உதவி மையமும் வந்தது. அதை நடத்தும் பொறுப்பை ராணுவம் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. வெளியே இருந்த ஒரு தொண்டு நிறுவனத்திடம் கொடுத்தது. அதாவது, சாவியை வெளியே கொடுத்தார்கள்.

2014-ல் 'ராண்ட்' என்ற ஆய்வு நிறுவனம், ராணுவத்தில் இருப்பவர்களிடம் ரகசியமாக ஒரு சர்வே எடுத்தது. அந்த ஒரு வருடத்தில் பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்கள் சுமார் 20,300 பேர் என்று மதிப்பிட்டது. அதே வருடம் புகார் ஏட்டில் இருந்தது சுமார் 6,100. இரண்டும் ஒரே தராசில் நிறுத்த எண்கள் இல்லை. ஆனாலும் வித்தியாசம் கண்ணை உறுத்துகிறதல்லவா?

பி.காமில் பேங்க் ரீகன்சிலியேஷன் என்று ஒரு பாடம் உண்டு. நம் கேஷ் புக் ஒரு தொகை சொல்லும், பேங்க் பாஸ் புக் வேறொரு தொகை சொல்லும். ஏன் இடிக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். புகார் ஏடு என்பது கேஷ் புக். பெயர் கேட்காத சர்வே, பாஸ் புக். பாஸ் புக்கே இல்லாத கம்பெனிதான் 'கணக்கு சரியாக இருக்கிறது' என்று நிம்மதியாகத் தூங்கும்.

அதே சர்வே இன்னொன்றும் சொன்னது. புகார் கொடுத்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், 'கொடுத்ததற்காகவே பழிவாங்கப்பட்டோம்' என்றார்கள். ஏன் எழுதுவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

*

2014-ல் இன்னொரு காரியமும் நடந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. புகார் கொடுத்து, உதவி பெற்றவர்களிடமே போய், 'நாங்கள் செய்த உதவி எப்படி இருந்தது?' என்று கேட்டார்கள். 'டாக்டர் மரியாதையாக நடத்தினாரா? கவுன்சலர் காது கொடுத்துக் கேட்டாரா? உங்கள் கமாண்டர் எப்படி நடந்துகொண்டார்? இதே நிலைமையில் இருக்கும் இன்னொருவரைப் புகார் கொடுக்கச் சொல்வீர்களா?'

அட, ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் நீட்டுகிற கருத்து அட்டை மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் ஒரு சிக்கல். ரகசியமாகப் பதிவு செய்தவரின் பெயர் சர்வே எடுப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது? பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக இருந்த ஒருங்கிணைப்பாளர் மூலமாகவே தகவலை அனுப்பினார்கள். விருப்பம் இருந்தால் அவரே பதில் சொல்லலாம், பெயர் தேவையில்லை. கேட்டவருக்கு முகம் தெரியாது. முகம் தெரிந்தவருக்கு பதில் தெரியாது.

பதில் சொன்னவர்கள் எண்ணிக்கை பெரிதில்லை. ஆனால் விஷயம் தெளிவாக வந்தது. துணை நின்ற ஒருங்கிணைப்பாளருக்கு நல்ல மார்க். கமாண்டருக்கு அதைவிடக் குறைச்சல். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர், 'மற்றவர்களையும் புகார் கொடுக்கச் சொல்வேன்' என்றார்கள். சொல்ல மாட்டேன் என்ற மிச்சப் பேருக்கு என்ன அனுபவமோ!

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2020 ஏப்ரலில், டெக்ஸாஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் வெனெஸ்ஸா கியென் என்ற 20 வயது சிப்பாய் காணாமல் போனார். சக சிப்பாய் ஒருவன் கொன்றிருந்தான். அதற்கு முன் மேலதிகாரி ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததை வீட்டில் சொல்லியிருந்தார். முறையாகப் புகார் கொடுக்கப் பயம். பிறகு வந்த சுதந்திரமான விசாரணைக் குழு, அந்த முகாமில் 503 பெண்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசியது. நம்பத்தகுந்த பாலியல் தாக்குதல் விவரங்கள் 93 கிடைத்தன. அவற்றில் ஏட்டில் ஏறியிருந்தது 59தான். அந்த முகாமில் பெட்டியும் இருந்தது, போன் நம்பரும் இருந்தது. நம்பிக்கைதான் இல்லை.

*

இது எங்கோ அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் பஸ் ஏறினால் கோயம்புத்தூர். 2021 செப்டம்பரில் அங்கே உள்ள விமானப்படைக் கல்லூரியில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அதிகாரி, சக அதிகாரி மீது பாலியல் பலாத்காரப் புகார் சொன்னார். முதலில் தன் மேலதிகாரிகளிடம். அது சரிவரவில்லை என்று பிறகு போலீஸிடம். குற்றம்சாட்டப்பட்டவர் கைதானார். கோர்ட் அவரை விமானப்படை விசாரணைக்கே ஒப்படைத்தது.

அந்தப் புகாரில் இன்னொரு பகுதி இருந்தது. விமானப்படை மருத்துவமனையில் தனக்கு 'இரு விரல் பரிசோதனை' செய்யப்பட்டது என்றார் அந்தப் பெண். விமானப்படைத் தளபதி, அப்படி நடக்கவில்லை என்று மறுத்தார். அந்தப் பரிசோதனை பெண்ணின் கௌரவத்தை மீறுவது என்று சுப்ரீம் கோர்ட் 2013-லேயே சொல்லியிருந்தது. 2022-ல், இனி அதைச் செய்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை என்ற அளவுக்குப் போனது.

யார் சொன்னது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஓர் அதிகாரியாக இருந்தும், உதவி கேட்டுப் போன இடத்தைப் பற்றிச் சொல்ல அவருக்குக் கிடைத்த காகிதம் எது பாருங்கள். போலீஸ் எஃப்.ஐ.ஆர்!

நம் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மதுரா வழக்கில் போலீஸ்காரர்கள் விடுதலையாகி, நாடெங்கும் பெண்கள் கொதித்தெழுந்த பிறகு, 1983-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிட்டால் தண்டனை. நல்ல விஷயம். ராஜஸ்தானின் பன்வாரி தேவிக்கு 1992-ல் நடந்த கொடுமையை அடுத்து விசாகா வழக்கு, 1997-ல் சுப்ரீம் கோர்ட் நெறிமுறைகள், 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு வேண்டும். ரகசியம் காக்க வேண்டும். ஆனால் புகார் எழுத்தில் இருக்க வேண்டும். பெயரை வெளியே சொல்லாதே என்று காவல் நிற்கும் சட்டம், உள்ளே நுழைய முதலில் பெயரைத்தான் கேட்கிறது.

ஒருவரைத் தண்டிக்க விசாரணை வேண்டும், விசாரணைக்குப் பெயர் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இந்த லைனில் ஏதோ சரியில்லை', 'புகார்க் குழு என்னை ஒரு குற்றவாளி மாதிரி கேள்வி கேட்டது' என்று சொல்வதற்கும் பெயர் வேண்டுமா?

*

2021 ஜனவரி. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கார்மென்ட் பேக்டரி. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அங்கே வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். ஃபோர்ட் ஹூட் சம்பவம் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான், கூட வேலை பார்த்த பெண்கள் பத்திரிகைகளிடம் பேசினார்கள். பலரும், பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. பெண்களே தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஈஸ்ட்மேன் நிறுவனம், துணி வாங்கும் பிராண்டான எச் அண்டு எம் எல்லாம் அதில் உண்டு. பின்னால் கேப், பி.வி.எச். பிராண்டுகளும் சேர்ந்தன. ஆசியாவின் ஆடைத் தொழிலில் பாலியல் வன்முறையைத் தடுக்க, மீறினால் பிராண்டையும் பிடிக்கும் முதல் ஒப்பந்தம் இது.

இதில் முக்கியமான அம்சம், தையல் லைனுக்குள்ளேயே கண்காணிப்பாளர்கள். மேலே இருந்து வந்தவர்கள் கிடையாது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைக்கும் பெண்களே, யூனியனிடம் பயிற்சி பெற்றவர்கள். மேனேஜர் அறைக்குப் போக வேண்டாம், எழுதத் தெரிய வேண்டும் என்றும் கட்டாயமில்லை. டீ குடிக்கும்போது காதில் சொன்னால் போதும். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் கம்பெனிக்கு ஆர்டரிலேயே அடி.

முதல் வருடத்தில் வந்த குறைகள் 185. அதில் 23 பாலியல் வன்முறை, துன்புறுத்தல் சம்பந்தப்பட்டவை. மேலோட்டமாகப் பார்த்தால் 'ஐயோ, இத்தனையா!' என்று தோன்றும். எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஏட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

திருப்பூர் 2024-25-ல் ஏற்றுமதி செய்த பின்னலாடை ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். ஒரு டி-ஷர்ட்டில் கால் இஞ்ச் தையல் விலகினால், எந்த லைன், எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்று கண்டுபிடிக்கிற ஊர் இது. டேமேஜ் பீஸை எடுத்துக் காட்டும் செக்கிங் பெண்ணை யாரும் திட்டுவதில்லை. அதுதான் அவர் வேலை. மனுஷி டேமேஜ் ஆவதைச் சொன்னால் மட்டும் 'ஏன் சொன்னாய்' என்கிறோம்.

சில மாதம் கழித்து அதே கம்பெனிக்குப் போக நேர்ந்தது. பெட்டி பழைய இடத்தில் இல்லை. பையர் ஆடிட் வந்தபோது சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் கழிவறைப் பக்கம், கேமரா இல்லாத சுவரில் மாட்டியிருந்தார்கள். பரவாயில்லையே என்று செக்கிங் அம்மாவைத் தேடிப் பிடித்தேன்.

"இப்ப எழுதிப் போடுறாங்களாம்மா?"

"நல்ல எடத்துலதான் மாட்டியிருக்காங்க தம்பி" என்றார். கையில் இருந்த பீஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடியே, "சாவி இன்னும் அதே டிராயர்லதானுங்க இருக்குது."