ஓர் ஆணை, பல கோப்புகள்

அனந்தபுரத்தில் அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகள் வண்டியேறிச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகும். களத்தில் 60 மூட்டைகள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு ஒரு நடை வண்டி ஓட்டினால் கூலி கட்டாது. அறுபதையும் ஒரே நடையில் ஏற்றினால் அச்சு முறியும். வண்டி தாங்கும் அளவுக்கு ஏற்றிச் சில நடைகளில் முடிப்பதே வழக்கம். கணிப்பொறியிலும் இப்படி நடை கணக்கிட்டு வேலை செய்யும் சிறு கருவி ஒன்று உண்டு. 'எக்ஸ்ஆர்க்ஸ்' என்பது அதன் பெயர். அது பிறந்த கதையை இங்குக் காண்போம்.

இக்கருவி எனக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் தமிழ் எழுத்துகளே. பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட இயற்பியல் பாடக்குறிப்புகள் 600 கோப்புகளாக என்னிடம் வந்தன. அனைத்தும் 'திஸ்கி' என்னும் பழைய குறிமுறையில் இருந்தன. இன்றைய கணிப்பொறிகளில் வழங்குவது ஒருங்குறி. ஆகவே திறந்து பார்த்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. இரண்டுக்கும் வேறுபாடு எண்களில் மட்டுமன்று, வரிசையிலும் உண்டு. 'கொ' என்னும் எழுத்தைத் திஸ்கி நாம் கையால் எழுதும் வரிசையிலேயே ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று குறிகளாக வைக்கும். ஒருங்குறியோ முதலில் ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் வைக்கும். இவ்வாறு மாற்றித் தரும் நிரல்கள் உள்ளன. ஆனால் கோப்புக்கு ஒரு நிமிடம் வீதம் கையால் செய்தால் 600 கோப்புகளுக்குப் பத்து மணி நேரம் ஆகுமல்லவா?

இத்தொல்லை புதிதன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யுனிக்ஸ் இயக்க அமைப்பின் முதல் பதிப்பு 1971-இல் வந்தது. நட்சத்திரக் குறி ஒன்றை இட்டுப் பல கோப்புகளை ஒருங்கே சுட்டும் வசதி அதிலேயே இருந்தது. 1973-இல் டக்ளஸ் மக்கில்ராயின் யோசனைப்படி கென் தாம்சன் 'குழாய்' முறையை அமைத்தார். ஒரு நிரலின் விடை மற்றொரு நிரலுக்குள் நேரே பாய இது வழி செய்தது. அடுத்து வந்த 'ஃபைண்ட்' என்னும் நிரல், அடுக்கடுக்கான அடைவுகளுக்குள் புகுந்து கோப்புப் பெயர்களைத் தேடிக் கொடுத்தது.

ஆயினும் ஒரு தடை இருந்தது. ஓர் ஆணையுடன் சேர்த்துக் கொடுக்கக்கூடிய பெயர்களின் மொத்த நீளத்துக்கு வரம்பு உண்டு. 1975-இல் வெளியான யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் அது ஏறத்தாழ 510 எழுத்துகள்தான். பெயருக்குப் பத்து எழுத்து என்றால் ஒரு நடைக்கு 50 கோப்புகள். 600 கோப்புகளுக்கு 12 நடைகள். ஒவ்வொரு கோப்புக்கும் ஆணையைத் தனித்தனியே தொடங்கலாம் என்றாலோ 600 முறை தொடங்கவேண்டும். அக்கால இயந்திரங்களுக்கு அது பெருஞ்சுமை.

1977-இல் வந்த 'புரோகிராமர்ஸ் ஒர்க்பெஞ்ச்' என்னும் யுனிக்ஸ் வகையில் எக்ஸ்ஆர்க்ஸ் இடம்பெற்றது. குழாய் வழியே வரும் பெயர்களை அது வரம்பு நிறையும்வரை சேர்க்கும். ஆணையை ஒருமுறை இயக்கும். பின் அடுத்த சுமையை ஏற்றும். சில வேலைகளுக்கு ஒரு நேரத்தில் ஒரு கோப்பே கொடுக்கவேண்டும் என்றால் அவ்வாறும் செய்யும். குறிமுறை மாற்றம் அத்தகைய வேலையே. இல்லையேல் பல பாடங்கள் ஒரே கோப்பில் கலந்துவிடக்கூடும். பல வண்டிகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதுபோல, செயலியின் பல உள்ளகங்களுக்கும் வேலையைப் பங்கிடும் 'பேரலல்' என்னும் கருவியை ஓலே டாங்கே உருவாக்கினார். அது 2010-இல் குனூ திட்டத்தில் சேர்ந்தது.

தமிழுக்கு இத்தகைய வேலை எவ்வளவு தேவை என்பதற்கு மதுரைத் திட்டம் சான்று. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி அது. தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகுக்கு இலவசமாக அளிப்பது அதன் நோக்கம். அந்நூல்கள் முதலில் எழுத்துரு சார்ந்த குறிமுறையிலும், பின்னர் திஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் வெளிவந்தன. அடிப்படை மாறும்போதெல்லாம் முன்பு செய்த நூல்களையும் உடன் கொண்டுசெல்லாவிட்டால், உழைத்துச் சேர்த்தவை படிக்க முடியாத குறிகளாகிவிடும்.

இக்கருவியில் ஒரு பொறியும் உண்டு. எக்ஸ்ஆர்க்ஸ் வெற்றிடத்தைப் பெயரின் முடிவு என்று கொள்ளும். நான் முதன்முறை இயக்கியபோது 'அலகு 1' என்ற கோப்பை 'அலகு', '1' என இரு கோப்புகளாகக் கருதி, இரண்டும் இல்லை என்றது. மாற்றும் ஆணையாக இருந்ததால் பிழைத்தேன். அதுவே அழிக்கும் ஆணையாக இருந்து, 'அலகு' என்றே வேறொரு கோப்பும் இருந்திருந்தால், அது சொல்லாமல் மறைந்திருக்கும்! இதற்கு மாற்று, பெயர்களுக்கு இடையே வெற்றிடத்துக்குப் பதில் சுழிக் குறியை வைப்பது. யுனிக்ஸில் கோப்புப் பெயருக்குள் அக்குறி வரவே முடியாது. குனூ கருவிகளில் நெடுங்காலமாக இருந்த இவ்வழியை 'போசிக்ஸ்' பொதுத்தரமும் 2024-இல் ஏற்றுக்கொண்டது.

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ பழைய குறிமுறைக் கோப்புகள் இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு படி எடுத்து வையுங்கள். இரண்டு கோப்புகளில் மட்டும் ஆணையை இயக்கி, 'கொ', 'கோ', 'கௌ' ஆகிய எழுத்துகள் சரியாக வந்துள்ளனவா என்று கண்ணால் பாருங்கள். சரி என்று கண்டபின் எஞ்சியவற்றை எக்ஸ்ஆர்க்ஸிடம் ஒப்படையுங்கள். என் 600 கோப்புகள் இரண்டாம் முயற்சியில், தேநீர் ஆறுவதற்குள் மாறிவிட்டன. அவற்றைச் சரிபார்க்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று.